மதிப்பின் வகையை உள்ளவாறு அறிதல்

தமிழிலக்கணம் பயின்றோர் ஒரு பெயரை ஆராயப் புகும்போது முதற்கண் வினவுவது, அப்பெயராற் சுட்டப்படும் பொருள் எத்திணைத்து என்பதாகும். திணை தெளிந்த பின்னரே பால் தெளியும். பால் தெளிந்த பின்னரே வினை முடிபு கொள்ளும். 'ஆசிரியர் வந்தது' என்று எழுதிப் பிரம்படி வாங்கிய பழைய மாணவர் இம்மலரைப் படிப்போருள்ளும் இருத்தல் கூடும். கணனிகளுக்கு மொழி வகுத்தோரும் இத்தகைய வினாவொன்றை எதிர்கொண்டனர். தம்முன் வரும் மதிப்பு எண்ணா, எழுத்துத் தொடரா, வெறுமையா என்பது தெரியாவிடின் அதனைக் கூட்டுவதெங்ஙனம்? ஒப்பிடுவதெங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கூறுவதில் ஜாவாஸ்கிரிப்ற் என்னும் மொழி பெரிதும் இடர்ப்படுகின்றது. அவ்விடர் யாது, அதனைக் கடக்கும் வழி யாது என்பவற்றைக் கணனித் தொழில் பயிலாதாரும் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இது கணனித் தொழிலாளர் தமக்குட் பேசித் தீர்க்க வேண்டிய நுணுக்கமன்றோ என வாசகர் கருதலாம். அவ்வாறன்று. பாடசாலைப் புள்ளிப் பதிவு, மருத்துவரைக் காண முற்பதிவு, வங்கிக் கணக்கு என இன்று நாம் திறக்கும் இணையப் பக்கங்களுட் பெரும்பாலானவை இம்மொழியின் துணைகொண்டே இயங்குகின்றன. வகையைப் பிழைபட உணர்ந்த செய்நிரல், பரீட்சைக்குத் தோற்றாத மாணவிக்குப் பூச்சியம் வழங்கும். உண்மையிற் பூச்சியம் பெற்ற மாணவனைத் தோற்றாதவன் என்று எழுதும். இரண்டிடத்தும் கணனி எச்சரிக்கை எதுவும் தராது என்பதே இதிலுள்ள கொடுமை.

இம்மொழி 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பாரால் ஏறத்தாழப் பத்து நாட்களில் முதல் வடிவம் பெற்றது. அவ்வாண்டு திசெம்பர் மாதத்தில் ஜாவாஸ்கிரிப்ற் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. ஜாவா என்னும் வேறொரு மொழியின் புகழை ஒட்டி வைத்த பெயரேயன்றி, இரண்டும் ஒரு குடிப்பிறந்தனவல்ல. 1997ஆம் ஆண்டு யூன் மாதத்தில் எக்மா என்னும் தரநிர்ணயச் சங்கம் இதற்கு முதல் இலக்கண நூலை வெளியிட்டது.

வேறு சில மொழிகளில், ஒரு மாறியை அமைக்கும்போதே 'இதனுள் எண் மட்டும் தங்கும்' என்று விதித்துவிடல் வேண்டும். அரிசிப் பானையில் உப்பு இடுவாரை அம்மொழிகள் வாசலிலேயே தடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ற்றில் இத்தடை இல்லை. மாறி வெறும் பானை. காலையில் எண்ணையும் மாலையில் எழுத்துத் தொடரையும் அதிலே இடலாம். வகை என்பது பானைக்கு இல்லை, உள்ளிருக்கும் மதிப்புக்கே உண்டு. ஆதலின் உள்ளே கைவிடுமுன் இருப்பது யாது என்று கேட்டறியும் பொறுப்புச் செய்நிரல் எழுதுவாரைச் சார்ந்ததாயிற்று.

இம்மொழி இன்று ஏற்றுக்கொள்ளும் அடிப்படை வகைகள் எட்டு. எண், எழுத்துத் தொடராகிய சரம், மெய் பொய் என்னும் பூலியன், மதிப்பு இன்னும் இடப்படாமையைக் குறிக்கும் வரையறாமை, மதிப்பு இல்லையென்று தெரிந்தே இட்ட இன்மை, குறியீடு, மிகப்பெரிய முழுவெண்களுக்கான பேரெண் ஆகிய ஏழும் தனித்தனி வகைகள். எஞ்சிய அனைத்தும் 'பொருள்' என்னும் எட்டாம் வகையில் அடங்கும். பாடநூல்களில் அணி என்றும் சார்பு என்றும் வழங்குவனவும், திகதியும், பிறவும் அவ்வெட்டாம் வகையின் உட்பிரிவுகளே.

வகையைக் கேட்டறிதற்கு மொழியே தந்த வினாச்சொல் 'ரைப்-ஒவ்' என்பது. 'எவ்வகைத்து' என்பது அதன் பொருள். தொடக்கத்தில் அஃது ஆறு விடைகளையே அறிந்திருந்தது. 2015இற் குறியீடும் 2020இற் பேரெண்ணும் மொழியிற் சேர்ந்தபோது விடைகளும் எட்டாயின. வகை எட்டு, விடை எட்டு, எனவே ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று எண்ணுதல் இயல்பே. ஆனால் அவை பொருந்தவில்லை. சார்பு ஒரு பொருளேயாயினும் அதற்கு மட்டும் 'சார்பு' என்று தனி விடை கிடைக்கும். இன்மையைக் கேட்டாலோ, 'இன்மை' என்னும் விடையே அவ்வெட்டனுள் இல்லை; 'பொருள்' என்றே விடை வரும்.

இல்லாததைப் பொருளென்று ஒரு மொழி கூறுவானேன்? இதற்குத் தத்துவ விளக்கம் தேடுவாரும் உளர். காரணம் மிக எளிது. மொழியின் முதற் செய்முறையில் ஒவ்வொரு மதிப்பும் 32 துவித இலக்கங்களாகச் சேமிக்கப்பட்டது. அவற்றுட் கடைசியில் நின்ற சில இலக்கங்கள் வகையைக் குறித்தன. கடை மூன்றும் 000 ஆயின் பொருள்; 010 ஆயின் தசம எண்; 100 ஆயின் சரம்; 110 ஆயின் பூலியன்; இறுதி இலக்கம் 1 ஆயின் முழுவெண். பொருளாயின், எஞ்சிய இலக்கங்கள் அப்பொருள் நினைவகத்தில் இருக்கும் முகவரியைத் தந்தன. இன்மை என்பது எவ்விடத்தையும் சுட்டாத முகவரி. அஃதாவது முப்பத்திரண்டு இலக்கமும் பூச்சியம். அதன் கடை மூன்றும் 000 ஆதலின், வினாச்சொல் அவற்றை மட்டும் நோக்கிப் 'பொருள்' என்று கூறி அமைந்தது.

நம் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவிலே பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் எழுப்பிய எண்ணெய்க் குதங்களை அறியாதார் இங்கு இலர். காட்டிடையே நிற்கும் அவற்றை வெளியிலிருந்து நோக்குவார்க்கு நிறைந்த குதமும் வெறுங்குதமும் ஒரே தோற்றத்தன. 'அஃது என்ன?' என்று கேட்டால் 'குதம்' என்று மட்டும் விடை கூறும் காவலாளன் பொய் கூறினான் அல்லன்; ஆயினும் அவன் சொல்லைக் கொண்டு எண்ணெய்க் கணக்கு எழுதுதல் ஆகாது. இவ்வினாச்சொல்லும் அக்காவலாளனைப் போன்றதே. பின்னாளில் இதனைத் திருத்தி 'இன்மை' என்றே விடை வரச் செய்யலாம் என்று முன்மொழிவு எழுந்தது. பழைய விடையை நம்பி எழுதப்பட்ட இணையப் பக்கங்கள் பல இடருறும் என்று கண்டமையால் அது கைவிடப்பட்டது. எனவே இன்மையை அறிய விரும்புவார் வகையை வினவாது, மூன்று சமக்குறிகளாலாகிய கண்டிப்பான ஒப்பீட்டைக் கொண்டு 'இம்மதிப்பு இன்மைதானா?' என்று நேரே ஒப்பிடுதல் வேண்டும். வேறு வழிகளும் உள. இதனினும் எளியதும் பிழையற்றதும் இல்லை.

இனி, முன்னர்க் கூறிய பரீட்சைப் புள்ளிக்கு வருவோம். ஆசிரியர் கணனித் திரையில் உள்ள கட்டத்தில் 45 என்று தட்டெழுதுகின்றார். அவர் கண்ணுக்கு அஃது எண். செய்நிரலின் கைக்கு வருவதோ சரம். கட்டத்திலிருந்து வாசிக்கப்படும் மதிப்பு எப்போதும் எழுத்துத் தொடராகவே வரும். முதலாம் தாளுக்கு 45, இரண்டாம் தாளுக்கு 38 என வந்தவற்றைக் கூட்டற்குறியால் இணைத்தால் 83 வாராது, 4538 வரும். சரங்களுக்குக் கூட்டற்குறி ஒட்டுதலையே குறிக்கும். நாலாயிரம் புள்ளியைக் கண்டால் எவரும் ஐயுறுவர் ஆதலின் இப்பிழை விரைவில் வெளிப்படும். வெளிப்படாத பிழைகளே அஞ்சத்தக்கன.

தோற்றாத மாணவியின் கட்டத்தை ஆசிரியர் வெறுமையாக விடுகின்றார் என்க. அங்கிருந்து வெறுஞ்சரம் வரும். சரத்தை எண்ணாக்கும் 'நம்பர்' என்னும் சார்பிடம் அதனைக் கொடுத்தால் 0 என்று தரும். மாணவி பூச்சியம் பெற்றவளாகிவிட்டாள். வேறோர் ஆசிரியர் கவனமுடையவர். 'தோற்றவில்லை' என்றே எழுதுகின்றார். அதனை எண்ணாக்கினால் 'எண்ணன்று' என்னும் பொருளுடைய ஒரு தனி மதிப்பு வரும். இதன் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் ஒலித்தால் ஏறத்தாழ 'நான்' என்றாகும். இம்மொழியில் தன்னொடு தான் சமனாகாத மதிப்பு இஃது ஒன்றே. தன்னைத் தான் அறியாத 'நான்' என வேதாந்த வகுப்பிற் சொல்லிச் சிரிக்கலாம். இவ்வளவில் தீங்கில்லை. ஆயின் இத்தரவை வேறொரு கணனிக்கு அனுப்பும்போது ஜேசன் என்னும் வடிவில் எழுதுவது வழக்கம். அவ்வடிவத்தில் 'எண்ணன்று' என்பதற்கு இடமில்லை. ஆதலின் அதனை இன்மையாக மாற்றி எழுதும். மறுமுனையில் உள்ள செய்நிரல் அவ்வின்மையைப் பெற்று மீண்டும் எண்ணாக்கினால் 0 வரும். சரம் எண்ணன்றாயிற்று, எண்ணன்று இன்மையாயிற்று, இன்மை பூச்சியமாயிற்று. மூன்று படியிலும் மொழி தன் விதியை வழுவவில்லை. மாணவியின் பெயருக்கு நேரே பூச்சியம் நிற்கின்றது.

இதற்கு மறுதலையும் உண்டு. 'புள்ளி இருந்தால் எழுது, இன்றேல் தோற்றவில்லை என எழுது' என்று சுருக்கமாகக் கட்டளையிடுவார் பலர். 0, வெறுஞ்சரம், இன்மை, வரையறாமை, எண்ணன்று ஆகியவற்றையெல்லாம் இம்மொழி நிபந்தனையிற் பொய்யெனவே கொள்ளும். ஆகவே மூன்று மணி நேரம் இருந்து எழுதிப் பூச்சியம் வாங்கியவன் பரீட்சைக்கு வராதவனாகிறான். அவன் வாங்கியது பூச்சியமேயாயினும் அஃது அவன் வாங்கியது. 'இருந்தால்' என்று பொதுப்படக் கேளாது, எண்ணா என்றும், எண்ணாயின் எண்ணன்று என்பதன்றோ என்றும் பிரித்துக் கேட்டல் வேண்டும். இவ்விரண்டாம் வினா இன்றியமையாதது. ஏனெனில் 'எண்ணன்று' என்பதன் வகை யாதென்று ரைப்-ஒவ்வைக் கேட்டால் 'எண்' என்று விடை கூறும்.

அதனைக் கண்டறியப் பழைய சார்பொன்று உண்டு. அது தந்த மதிப்பை முதலில் எண்ணாக்கிவிட்டுப் பின்னரே சோதிப்பதால், 'திருகோணமலை' என்னும் சரத்தையும் ஆம் என்றே கூறும். 2015இல் வந்த 'நம்பர்.இஸ்நான்' அவ்வாறு மாற்றாமல் உள்ளதை உள்ளவாறே சோதிக்கும். பின்னதையே கொள்க.

புள்ளிகளை வரிசைப்படுத்துவதிலும் ஒரு புதுமை காணலாம். 100, 9, 45 ஆகிய எண்களைக் கொண்ட ஓர் அணியை, ஒப்பிடும் முறை இன்னதென்று கூறாமல் ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால் 100, 45, 9 என்று அடுக்கித் தரும். எண்களையும் சரமாக்கி முதலெழுத்துக்கொண்டு அகராதி முறையில் ஒப்பிடுவதே அதன் இயல்பு. நூறு புள்ளி பெற்றவர் கடைசி வாங்கிலும் ஒன்பது பெற்றவர் முதல் வாங்கிலும் அமர நேரிடும்.

எண்போல் தோன்றி எண்ணாகாதனவும் உள. நம் மாவட்டத்தின் தொலைபேசிக் குறி 026. அதனை எண்ணாக்கினால் 26 ஆகிவிடும். முன்னிற்கும் பூச்சியம் எண்ணுக்குப் பயனற்றது, தொலைபேசிக்கு உயிர். செய்நிரலினுள்ளே மேற்கோட்குறியின்றி 026 என்றே எழுதிவிட்டாலோ விளைவு இன்னும் விந்தையானது. பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எட்டின் அடியில் எழுதியதாகப் பழைய விதி கொள்ளும். இரண்டெட்டுப் பதினாறும் ஆறும் சேர்ந்து 22 ஆகும். யாழ்ப்பாணத்து 021, 17 ஆகும். மட்டக்களப்பின் 065, 53 ஆகும். கண்டியின் 081 மட்டும், எட்டின் அடியில் 8 என்னும் இலக்கம் இல்லாமையால், 81 என்றே நிற்கும். 2009இல் வகுத்த கண்டிப்பு முறையில் இவ்வாறு எழுதுதலே பிழையெனத் தடுக்கப்பட்டது. கூட்டவோ கழிக்கவோ வேண்டாதவற்றை இலக்கங்களால் எழுதப்பட்டமை பற்றி எண் என்று கொள்ளற்க. தொலைபேசிக் குறி ஒரு பெயர். மறுபுறம், தமிழெண்களால் '௨௬' என்று எழுதிய சரத்தை எண்ணாக்கினால் எண்ணன்று என்றே வரும். நம் முன்னோர் கணக்கெழுதிய இலக்கங்களை இம்மொழி எழுத்தென அறியுமேயன்றி எண்ணென அறியாது.

இனிப் பொருள் வகையின் உட்பிரிவுகளை அறிதல். அணியையும் திகதியையும் ரைப்-ஒவ்வைக் கேட்டால் இரண்டிற்கும் 'பொருள்' என்ற ஒரே விடை. ஆதலின் 'இன்ஸ்ரன்ஸ்-ஒவ்' என்னும் வேறொரு வினாச்சொல்லைப் பயன்படுத்துவார் உளர். அது வகையை வினவாது குலத்தை வினவும். இப்பொருளின் மூதாதையர் வரிசையில் இன்னார் உளரா என்று தேடும். ஒரே பக்கத்தினுள் இது செவ்வையாக நடைபெறும். ஓர் இணையப் பக்கத்தினுள் மற்றொரு பக்கத்தைப் பதித்து வைக்கும்போது இடர் தோன்றும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அணி, திகதி முதலியவற்றின் மூதாதையர் தனித்தனியே உளர். உட்பக்கத்திற் பிறந்த அணி வெளிப்பக்கத்துக்கு வந்தால் 'நீ என் குலத்தினை அல்லை' என்று மறுக்கப்படும், அஃது அணியேயாயினும்.

இவ்விடர் தீரப் பலர் கையாண்ட உபாயம் சுவையானது. சுங்கப் பகுதியில், பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டை நம்பாது முத்திரையை நோக்குவது போன்றது அது. மொழியின் பழைய பதிப்புகளில் ஒவ்வொரு பொருளினுள்ளும் 'இஃது அணி', 'இது திகதி' என்று கூறும் மறைவான முத்திரை ஒன்று இருந்தது. செய்நிரல் எழுதுவார் அதனை மாற்ற இயலாது. நேரே காணவும் இயலாது. ஆயின் எல்லாப் பொருள்களுக்கும் மூதாதையாகிய பொருளிடத்து 'ரூ-ஸ்றிங்' என்னும் சார்பு உண்டு. அஃது அம்முத்திரையை வாசித்துச் சொல்லும். அணியிடம் நேரே கேட்டால் அது தனக்கெனக் கொண்ட ரூ-ஸ்றிங்கால் தன் உறுப்புகளைக் காற்புள்ளியிட்டு வரிசையாகச் சொல்லுமேயன்றி முத்திரையைக் காட்டாது. ஆதலின் மூதாதையின் சார்பை இரவல் வாங்கி, 'கோல்' என்னும் ஏவலால் அவ்வணியின்மேற் செலுத்துவர். உடனே சதுர அடைப்பினுள் 'ஒப்ஜெக்ற் அரே' என்று விடை வரும். திகதியாயின் 'ஒப்ஜெக்ற் டேற்' என வரும். ஐந்தாம் பதிப்பிலிருந்து இன்மைக்கும் வரையறாமைக்கும்கூட அவற்றின் உண்மைப் பெயரே கிடைத்தது. இவ்விடையிலிருந்து இரண்டாஞ் சொல்லை மட்டும் பிரித்தெடுத்து, ரைப்-ஒவ்வினும் நுண்ணியதொரு வகைகாண் சார்பை ஓரிரு வரியிற் சமைத்துக்கொள்ளலாம். பக்க எல்லைகளைக் கடந்து வந்த அணியையும் அது பிழையாது காட்டும்.

இவ்வுபாயத்தின் செல்வாக்கை 2015ஆம் ஆண்டுப் பதிப்புக் குறைத்தது. அதுமுதல், பொருளொன்று தன்மேல் தானே ஓர் அடையாளச் சொல்லைப் பொறித்துக்கொள்ள அனுமதி உண்டு; ரூ-ஸ்றிங் அதனையே வாசித்துச் சொல்லும். அணியல்லாத பொருளும் 'அரே' என்று பொறித்துக்கொண்டு வரலாம். முத்திரை என்று நாம் நம்பியது மேலொட்டிய சீட்டாயிற்று. ஆகவே அணியை அறிய, ஐந்தாம் பதிப்பு அதற்கென்றே தந்த 'அரே.இஸ்அரே' என்பதைக் கொள்வதே தக்கது. அது பொறித்த சொல்லையும் நோக்காது, குலத்தையும் வினவாது. எளிய வகைகளுக்கு ரைப்-ஒவ் போதும். இன்மைக்கு நேர் ஒப்பீடு. ஏனையவற்றுக்கு முத்திரை வாசித்தல், ஏமாற்றுவார் இல்லாத இடத்தில் மட்டும். எல்லாவற்றையும் ஒரே சார்பால் அறிந்துவிடலாம் என்று கருதுவார் கருத்து எமக்கு உடன்பாடன்று.

வகையையே கேளாது வினையை நோக்கும் நெறியொன்றும் இத்துறையில் உண்டு; தமிழ் மாணவர்க்கு அது புதிதன்று. 'வேலன்' என்னும் பெயர் ஆண்மகனுக்கும் ஆகும், வண்டிற்காளைக்கும் ஆகும். பெயரளவில் திணை புலப்படாது. 'வேலன் வந்தான்' என்றவிடத்து உயர்திணை. 'வேலன் வந்தது' என்றவிடத்து அஃறிணை. இருதிணைக்கும் பொதுவாய பெயரை முடிக்கும் வினையே துணியும் என்று நம் இலக்கணத்தார் கண்டனர். அதுபோல, தரப்பட்ட பொருள் அணிதானா என்று துருவாமல், 'இதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கலாமா?' என்று மட்டும் கேட்டுப் பணியைத் தொடங்குவார் உளர். பெயர்ப்பட்டியலைத் திரையில் அச்சிடுதல் போன்ற பணிகளுக்கு இதுவே போதியது. ஆயின் சரத்தையும் எழுத்தெழுத்தாக எடுக்கலாம் ஆதலின், மாணவர் பட்டியல் வரவேண்டிய இடத்தில் ஒரே மாணவரின் பெயர் சரமாக வந்துவிட்டால், அப்பெயரின் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு மாணவராக அச்சேறும். நம் எழுத்துக்களிலோ உயிர்க்குறியும் தனியே பிரிந்து ஒரு மாணவராகி நிற்கும்.

வகையைச் சரிவர அறிந்த பின்னும் ஒரு சோதனை எஞ்சுவது உண்டு. 'தைப்பொங்கல்' என்னும் சரத்தைக் கொடுத்துத் திகதியொன்றை ஆக்கச் சொன்னால் மொழி மறுக்காது ஆக்கித் தரும். குலத்தை வினவினாலும் முத்திரையை வாசித்தாலும் அது திகதி என்றே தெரியவரும். ஆனால் அதனுள்ளே நாளும் இல்லை, ஆண்டும் இல்லை. அதனிடம் 'கெற்ரைம்' என்னும் சார்பால் நேரத்தைக் கேட்டு, வந்த விடை எண்ணன்றா என்று நம்பர்.இஸ்நான் கொண்டு பார்த்த பிறகே அதனைப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும்.